இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் விண்டோஸ்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலையில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டுப் படித்தால் போதும்.

விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 64 ஜிபி டிஸ்க் கேட்கிறது, இது அநியாயம் என்று போன வாரம் நாலு வரி எழுதியிருந்தேன். மென்பொருள் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் ஐந்தாறு பேர் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலை அனுப்பினார்கள்: "டிஸ்க் இப்போ ரொம்ப மலிவு சார்." ஒருவன் கூடவே சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தான். 1998 பேட்ச், கடைசி பெஞ்ச். பெயரைச் சொல்லவில்லை, அவனுக்கே தெரியும்.

இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு நடத்தியவன் நான். யாராவது "மலிவு" என்றால் யாருக்கு மலிவு, எத்தனை ரூபாய், எந்த வருஷத்துக் கணக்கு என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை.

முதலில் எண்ணைச் சரியாகப் பார்த்துவிடுவோம். 64 ஜிபியையும் விண்டோஸே தின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. புதிதாகப் போட்டால் முதல் நாளில் 20 முதல் 30 ஜிபி வரை பிடிக்கும். மீதி, பின்னால் வரப்போகும் அப்டேட்டுகளுக்கும், அது தனக்குத்தானே சேர்த்து வைத்துக்கொள்ளும் சாமான்களுக்கும். அதோடு விட்டார்களா? அப்டேட்டுக்கும் சில வசதிகளுக்கும் இன்னும் கூடுதல் இடம் தேவைப்படலாம் என்று மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலிலேயே எழுதி வைத்திருக்கிறது. குறைந்தபட்சம் என்று போட்டுவிட்டு, அதுவே போதாமல் போகலாம் என்று அதே பக்கத்தில் சொன்னால், அதற்குப் பெயர் குறைந்தபட்சமா? பரீட்சையில் 35 எடுத்தால் பாஸ், ஆனால் 35 எடுத்தாலும் ஃபெயில் ஆகலாம் என்று நான் சொல்லியிருந்தால் உங்கள் அப்பாமார் என்னைச் சும்மா விட்டிருப்பார்களா?

இன்னொரு கணக்கு. டிஸ்க் செய்கிறவர்களுக்கு ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் ஜிபி என்று திரையில் காட்டுவது 1024ஐ மூன்று முறை பெருக்கினால் வருகிற 107,37,41,824 பைட். ஆகவே 64 என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட டிஸ்க், திரையில் 59.6 ஆகத்தான் தெரியும். 256 என்றால் 238.4. யாரும் திருடவில்லை, அளக்கும் படி வேறு. ஆனால் வாங்குகிறவனுக்கு இதை யாரும் சொல்வதில்லை. அரிசிக்கடையில் ஒரு படி, வீட்டில் ஒரு படி என்றால் என்ன சண்டை நடக்கும்!

இப்போது வரலாறு. 1995 ஆகஸ்ட்டில் விண்டோஸ் 95 வந்தபோது புதிதாகப் போட 50 முதல் 55 எம்பி இடம் கேட்டது. எம்பி, கவனியுங்கள். 13 ஃபிளாப்பி. பன்னிரண்டாவது ஃபிளாப்பியில் பிழை என்று காட்டினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 2001இல் எக்ஸ்பி 1.5 ஜிபி கேட்டது. 2007இல் விஸ்டா 15 ஜிபி காலி இடம் கேட்டது. ஆறு வருஷத்தில் பத்து மடங்கு, அதையும் நாம் சகித்துக்கொண்டோம். 2009இல் விண்டோஸ் 7 வந்தது: 32 பிட்டுக்கு 16, 64 பிட்டுக்கு 20 ஜிபி. பிறகு நடந்ததைப் பாருங்கள். 8 வந்தது, அதே 16, 20. 2015இல் 10 வந்தது, அதே 16, 20. பத்து வருஷம் அந்த எண் நகரவே இல்லை. 2019 மே மாத அப்டேட்டோடு புதுக் கணினிகளுக்கு 32 என்றார்கள். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது 64. பத்து வருஷம் அசையாமல் நின்ற எண், இரண்டரை வருஷத்துக்குள் இரண்டு தாவு தாவி மும்மடங்குக்கு மேல் போய்விட்டது.

அந்தப் பத்து வருஷத்தில் வசதிகள் சேராமலா இருந்தன? சேர்ந்தன. அப்படியிருந்தும் எண் ஏறவில்லை. ஏறாமல் வைத்திருக்க யாரோ முடிவு செய்தார்கள், அதனால் ஏறவில்லை. 2019இல் அந்த முடிவை விட்டுவிட்டார்கள். இது மழை பெய்வது மாதிரி தானாக நடந்த காரியம் இல்லை.

இதற்கு என்னிடம் இன்னும் வலுவான சாட்சி இருக்கிறது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் 8.1க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. 1 ஜிபி ரேமும் 16 ஜிபி இடமும் மட்டுமே உள்ள மலிவுக் கருவிகளிலும் ஓடும்படி விண்டோஸை இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள். சிஸ்டம் கோப்புகளைச் சுருக்கிய நிலையிலேயே வைத்து, வேண்டும்போது அங்கிருந்தே படித்துக்கொள்ளும் ஏற்பாடு. அப்டேட் சேரச் சேர அதிலும் இடம் நிறைந்துபோனது உண்மைதான். ஆனால் முயற்சி செய்தார்கள். ஏன் செய்தார்கள்? ஆண்ட்ராய்டு டேப்லெட்டும் குரோம்புக்கும் கீழ்விலைச் சந்தையை அள்ளிக்கொண்டிருந்தன. போட்டி கழுத்தைப் பிடித்தபோது விண்டோஸுக்கு இடுப்பு சிறுத்தது. பிடி தளர்ந்ததும் தொப்பை வந்துவிட்டது. சுருக்கி வைக்கும் அந்த வித்தையின் அடுத்த வடிவம் விண்டோஸ் 11இலும் இருக்கத்தான் செய்கிறது. கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை தட்டச்சு செய்யத் தெரிந்தவனுக்கு மட்டும் கிடைக்கும்.

"ஆனாலும் டிஸ்க் பெரிசாகிக்கொண்டேதானே சார் வந்திருக்கு?" என்று கேட்பீர்கள். இங்கேதான் நீங்கள் எல்லாரும் தப்புக் கணக்குப் போடுகிறீர்கள். 2011இல் தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினி ஞாபகம் இருக்கிறதா? உங்களில் பலருடைய முதல் கணினியே அதுதான். 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகும் முக்கால் வீடு காலி. பிறகு ஹார்ட் டிஸ்க் போய் எஸ்எஸ்டி வந்தது. வேகம் கூடியது, மறுக்கவில்லை. ஆனால் அதே விலைக்குக் கிடைக்கும் இடம் சுருங்கியது. 500 ஜிபி இருந்த இடத்தில் 128, 256 என்று வந்தன. இன்னும் கீழே, ஏழை வாங்கும் விலையில், ஈஎம்எம்சி என்று ஒன்று: 32 ஜிபி, 64 ஜிபி. மதர்போர்டில் பற்றவைத்து வரும். கழற்ற முடியாது, மாற்ற முடியாது. ஆக, மேல்வீட்டுக்காரனுக்கு டிஸ்க் வளர்ந்தது. கீழ்வீட்டுக்காரனுக்கு 2011ஐவிட ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. அந்த நேரம் பார்த்து விண்டோஸ் தன் பங்கை மும்மடங்காக்கியது. நீங்கள் சொல்லும் "மலிவு" மேல்மாடியிலிருந்து பார்த்துச் சொல்வது.

என் தங்கச்சியின் பேத்தி பி.காம். முதலாமாண்டு. கல்லூரி சேர்ந்தபோது என் தங்கச்சி சீட்டுப் பணத்தை எடுத்துப் பதினெட்டாயிரத்துக்கு ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தாள். டவுனில் ஒரு கடை. "படிக்கிற பிள்ளைக்கு இது தாராளம்மா, பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்று விற்றான். 64 ஜிபி, ஈஎம்எம்சி. அடுத்த பொங்கலுக்கு நான் போனபோது அந்தப் பெண் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சி டிரைவ் சிவப்பாக இருக்கிறது. பாடக் குறிப்புகளை ஏற்கெனவே பென்டிரைவுக்கு மாற்றிவிட்டாள். மிச்சம் இருந்தது அவள் தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோ. அவர் இப்போது இல்லை. "தாத்தா, எதை டெலீட் பண்ணட்டும்?" என்று கேட்டாள். நான் அவளை அழைத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். டிஸ்க்கை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "புதுசு வாங்கிடுங்க சார், எக்ஸ்சேஞ்ச்ல ரெண்டாயிரம் தரேன்" என்றான், முகத்தில் ஈயாடாமல். விற்கும்போது பற்றவைத்த டிஸ்க் என்று சொன்னாயா என்றேன். "யாரும் கேக்கறதில்ல சார்." சொல்ல வேண்டியது விற்பவனின் கடமையா, கேட்க வேண்டியது ஒரு பாட்டியின் கடமையா? வீடியோவை என் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாகப் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கடைக்காரன் சட்டப்படி ஒரு பொய்யும் சொல்லவில்லை. பெட்டியில் 64 என்று போட்டிருந்தது. பட்டியலிலும் 64 போதும் என்று இருந்தது. இந்தப் பித்தலாட்டத்துக்கு அந்தப் பட்டியல்தான் குடை பிடிக்கிறது.

சரி, அந்த இடம் எல்லாம் எங்கே போகிறது? தெரிந்துகொள்ளுங்கள், உறவினர்களில் பலருக்கு இது உதவும்.

அப்டேட் வரும்போது பழைய விண்டோஸை அப்படியே ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். பெரிய மாற்றம் என்றால் பத்து நாள் அது அங்கேயே கிடக்கும், சில சமயம் பத்து ஜிபிக்கு மேல். திரும்பிப் போக வழி வேண்டும் என்பதற்காக, இது நியாயம். கணினியை ஆழ்ந்து தூங்கவைக்க ஒரு கோப்பு, ரேமில் ஐந்தில் இரண்டு பங்கு. 8 ஜிபி ரேம் என்றால் 3.2 ஜிபி. அந்தத் தூக்கத்தை நீங்கள் பயன்படுத்தவே இல்லையென்றாலும் அது உட்கார்ந்திருக்கும். பிறகு 2019இலிருந்து புதுக் கணினிகளில் "ஒதுக்கப்பட்ட இடம்" என்று சுமார் 7 ஜிபி. அப்டேட் தடங்காமல் நடக்க வேண்டும் என்பதற்காக விண்டோஸ் துண்டு போட்டு வைத்திருக்கும் இடம், பஸ் ஸீட்டில் கைக்குட்டை போடுவது மாதிரி. நோக்கம் தப்பில்லை. ஆனால் அந்த ஸீட்டுக்கு டிக்கெட் எடுத்தவன் நீ. அதை விடுவிக்க ஒரு பொத்தான் கிடையாது, மறுபடியும் கறுப்புத் திரைதான். மேலே, யாரும் கேட்காத விளையாட்டுகள், விளம்பரத்தோடு வரும் செய்திப் பலகைகள்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்வார்கள், அதில் சிலது சரியாகக்கூட இருக்கும். எல்லாவற்றையும் கூட்டி ஒரு முறை யாராவது பார்த்தார்களா என்பதே என் கேள்வி.

பார்க்கவில்லை என்பதற்கு 2024 ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். விண்டோஸ் 10க்கு கேபி5034441 என்ற எண்ணில் ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. டிஸ்க் பூட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒரு ஓட்டையை அடைப்பதற்கு. பல கணினிகளில் அது ஏறவே இல்லை. காரணம், மீட்புப் பகுதி என்று விண்டோஸே டிஸ்க்கில் பிரித்து வைத்த சின்ன அறையில் 250 எம்பி காலி இல்லை. டிஸ்க்கில் 400 ஜிபி சும்மா கிடக்கும், ஆனால் அந்த அறை மட்டும் சின்னது. அறையைக் கட்டியது யார்? விண்டோஸ் நிறுவும்போது விண்டோஸேதான். தீர்வு என்ன சொன்னார்கள்? டிஸ்க் பகுதிகளை நீங்களே கட்டளை தட்டிச் சுருக்கி, விரித்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து தப்பினால் மொத்தமும் போய்விடும் வேலை அது. எழுபது வயது ஓய்வூதியக்காரரிடம் இதைச் சொல்கிறார்கள்! தானாகச் சரிசெய்யும் வழி வராது என்றும் சில மாதம் கழித்து அறிவித்துவிட்டார்கள். இடம் கம்மி என்பது வெறும் அசௌகரியம் என்று நினைக்காதீர்கள். அப்டேட் ஏறாத கணினி பூட்டில்லாத வீடு. பேங்க் வேலை, பென்ஷன் வேலை எல்லாம் அதில்தான் நடக்கிறது.

சின்ன டிஸ்க் உள்ளவர்களுக்கு மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பக்கம் சொல்லும் இன்னொரு யோசனை: வெளியே ஒரு பென்டிரைவைச் செருகி அதில் இடம் கொடுங்கள், அப்டேட்டை முடித்துக்கொள்கிறோம். வீட்டுக்கு வந்த விருந்தாளி, பாய் பற்றாது, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வா என்பது மாதிரி.

டிஸ்க்கோடு முடியவில்லை. பருமனான பொருள் எதுவும் ஒரு வழியாகத்தானே வீட்டுக்குள் வர வேண்டும்? விண்டோஸ் 11இன் முழு நிறுவல் கோப்பு 5 ஜிபிக்கு மேல். சென்னையில் ஃபைபர் வைத்திருப்பவனுக்கு டீ குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிடும். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அம்மாவின் செல்போன் ஹாட்ஸ்பாட்தான் இன்டர்நெட். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக். நாலு நாள் ஒருவரும் யூடியூப் பார்க்காமல், வாட்ஸ்அப்பில் பேத்தி முகம் பார்க்காமல் இருந்தால் அந்த ஒரு கோப்பு இறங்கும். இதில் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இடம் நிறைந்தால் அடுத்து என்ன வரும்? மேகம் வரும். உங்கள் படங்களை ஒன்டிரைவில் போடுங்களேன் என்று ஓரத்தில் ஒரு அறிவிப்பு. இலவசம் 5 ஜிபி. அது எத்தனை நாள் தாங்கும்? அப்புறம் சந்தா. முதலில் உன் வீட்டில் அவன் சாமானை அடுக்குகிறான். அப்புறம் உன் சாமானுக்கு அவன் கோடவுனில் மாதா மாதம் வாடகை கட்டச் சொல்கிறான். இது திட்டமிட்ட சதி என்று நான் சொல்லவில்லை, என்னிடம் அதற்கு ஆதாரமில்லை. ஆனால் இடம் நெருக்கினால் லாபம் வரும் என்ற நிலையில் இருப்பவனிடம் இடத்தை மிச்சப்படுத்து என்று சொன்னால் எவ்வளவு அக்கறையாகச் செய்வான்?

நியாயமாகவும் பேச வேண்டும். வளர்ந்ததெல்லாம் வீணில்லை. 1999இல் தமிழ்நெட் மாநாடு சென்னையில் நடந்தபோது தமிழில் தட்டச்சு செய்வது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாது. நான் பாமினியில் வினாத்தாள் அடித்துக் கொடுத்தால் அச்சகத்தில் வேறு எழுத்துரு இருக்கும், திறந்தால் ஒரே பூச்சி பூச்சியாகத் தெரியும். விண்டோஸ் 2000இல் லதா எழுத்துரு கூடவே வந்தது, யூனிகோட் வந்தது. இன்று நீங்கள் இந்தப் பதிவை எந்தக் கணினியிலும் படிக்க முடிவது அந்த வளர்ச்சியால்தான். அதற்கு இடம் கேட்டால் இரண்டு கையாலும் கொடுப்பேன். ஆனால் தமிழ் எழுத்துரு கேட்டது எவ்வளவு? சில எம்பிக்குள் அடங்கிவிட்டது. ஒரு மொழியே எம்பியில் அடங்குகிறது, விளம்பரப் பலகைக்கு ஜிபி வேண்டியிருக்கிறது.

லினக்ஸ் பக்தர்கள் இதைப் படித்துக் கைதட்ட வேண்டாம். ஒரு காலத்தில் உபுண்டு முழுவதும் 700 எம்பி குறுந்தகட்டில் அடங்கியது. கேட்டு எழுதினால் தபாலில் இலவசமாக வரும், இரண்டு முறை எனக்கே வந்திருக்கிறது. 2012 அக்டோபரில் அந்தத் தகட்டைவிட்டு வெளியே வந்தார்கள். இன்று 25 ஜிபி டிஸ்க் கேட்கிறார்கள். ஆப்பிளும் யோக்கியமில்லை. அதன் செயற்கை அறிவு வசதிக்கு மட்டும் ஐபோனில் 7 ஜிபி. ஆனால் லினக்ஸில் ஒரு வித்தியாசம்: வேண்டாததைப் பிடுங்கி எறியும் உரிமை உனக்கு இருக்கிறது. சிறிய பதிப்பைத் தேடிப் போகவும் வழி இருக்கிறது.

இனி நேராக உங்களிடம் வருகிறேன், மென்பொருள் எழுதும் என் பிள்ளைகளே.

நிக்லாஸ் விர்த் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாஸ்கல் மொழியை உருவாக்கியவர், 2024 புத்தாண்டு அன்று காலமானார். 1995இலேயே, விண்டோஸ் 95 வருவதற்கு ஆறு மாதம் முன்பு, மென்பொருள் ஒல்லியாக இருக்க வேண்டும் என்று மன்றாடி ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் மந்தமாவது வேகமாக நடக்கிறது என்பது அதன் சாரம். சும்மா புலம்பவில்லை, ஓபரான் என்று ஒரு முழு சிஸ்டத்தைச் சக பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து சின்னதாக எழுதிக் காட்டினார். அவர் கோபப்பட்டது மெகாபைட்டுகளைப் பார்த்து. இன்று ஒரு அரட்டைச் செயலி தனக்குள் ஒரு முழு பிரவுசரைச் சுமந்துகொண்டு வருகிறது. பக்கத்துச் செயலி இன்னொரு பிரவுசர். ஒரே வளாகத்தில் குடியிருக்கும் பத்துக் குடித்தனமும் ஆளுக்கொரு கிணறு வெட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது.

கேட்டால், "டெட்லைன் சார், சுருக்க நேரமில்லை" என்பீர்கள். உங்கள் நேரம் விலை உயர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கைப் போடுங்கள். விண்டோஸ் 10 உலகில் 100 கோடி கருவிகளுக்கு மேல் ஓடுகிறது என்று 2020 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட்டே அறிவித்தது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஜிபி வீண் என்று வைத்துக்கொண்டால் 100 கோடி ஜிபி. 500 ஜிபி டிஸ்க் கணக்கில் 20 லட்சம் டிஸ்க். பத்துப் பேர் ஒரு மாதம் உட்கார்ந்து அந்த ஒரு ஜிபியைக் குறைத்தால், கம்பெனிக்கு ஆகும் செலவு பத்து மாதச் சம்பளம். குறைக்காவிட்டால் கம்பெனிக்குச் செலவு பூஜ்யம், 20 லட்சம் டிஸ்க்கின் விலை ஊரார் தலையில். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். "டிஸ்க் மலிவு" என்ற உங்கள் வாக்கியத்தில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. "அடுத்தவன் டிஸ்க் எனக்கு மலிவு." அப்படிச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மலிவும் நிலையில்லை. 2025 கடைசியில் என்ன நடந்தது? செயற்கை அறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டன. ரேம் விலை தாறுமாறாக ஏறியது, எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறியது. வீட்டுக் கணினிக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுக்கொண்டிருந்த க்ரூஷியல் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. மலிவு என்று நம்பி வீட்டைப் பெருக்கிக்கொண்டே போனோம், செங்கல் விலை ஏறிவிட்டது.

இதே நேரத்தில் மைக்ரோசாஃப்ட் எந்தப் பக்கம் போகிறது? கோபைலட் பிளஸ் என்ற புது வகைக் கணினிக்குக் குறைந்தபட்சம் 256 ஜிபி இடமும் 16 ஜிபி ரேமும் வேண்டும் என்று 2024 மே மாதம் அறிவித்தது. அதில் ரீகால் என்று ஒரு வசதி. நீங்கள் திரையில் பார்ப்பதைப் படம் படமாக எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு தேடித் தரும். அதற்கு 50 ஜிபி காலியாக இருக்க வேண்டும். 256 ஜிபி கணினியில் அது தனக்கென்று எடுத்துக்கொள்வது 25 ஜிபி. உலகமே கூச்சல் போட்ட பிறகு, விரும்பினால் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். அந்த மட்டில் சரி. ஆனால் நேற்று என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகப்படுத்த 25 ஜிபி! 2009இல் ஒரு முழு விண்டோஸே 20 ஜிபிக்குள் குடித்தனம் நடத்தியது. இன்றைய விசித்திர வசதி நாலு வருஷத்தில் குறைந்தபட்சப் பட்டியலில் ஏறாது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மடிக்கணினிப் பெட்டியின்மேல் மொத்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வருஷ அப்டேட்டுக்குப் பிறகு வாங்கியவனுக்கு எவ்வளவு மிஞ்சும் என்றும் அச்சிட வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் நிகர எடை போடுகிறார்கள், இதில் போடக் கூடாதா? டிஸ்க் கழற்ற முடியாதது என்றால் அதையும் தமிழில் கொட்டை எழுத்தில் போட வேண்டும். ஒதுக்கிய 7 ஜிபியையும் தூக்கக் கோப்பையும் விடுவிக்கச் செட்டிங்ஸில் ஒரு பொத்தான் வேண்டும். கறுப்புத் திரை எனக்குப் பிரச்சினை இல்லை. என் தங்கச்சிக்குப் பிரச்சினை.

உங்களில் மேனேஜர்களாக இருப்பவர்கள் நாற்பது பேராவது இருப்பீர்கள். திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் உங்கள் செயலியை 64 ஜிபி கணினி ஒன்றில் போட்டுப் பாருங்கள். நிறுவியதும் எத்தனை எம்பி, மூன்று மாதம் ஓடிய பிறகு எத்தனை எம்பி என்று எடுத்து எனக்கு எழுதுங்கள். கம்பெனி ரகசியம் என்றால் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் கேட்கிறேன், அளந்த எண் வேண்டும். சிரிக்கிற பொம்மை வேண்டாம்.

உறவினர்களுக்கு: மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வீடு மடிக்கணினி வாங்கக் கிளம்புவீர்கள். ஈஎம்எம்சி என்று போட்டிருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் தொடாதீர்கள். 256 ஜிபி எஸ்எஸ்டிக்குக் கீழே போகாதீர்கள், அது கழற்றி மாற்றக்கூடியதா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். புதுசுக்குக் காசு பற்றாவிட்டால் நல்ல நிலையில் இருக்கும் பழைய ஆபீஸ் மடிக்கணினி, எஸ்எஸ்டி போட்டது, பதினைந்தாயிரம் ரூபாயில் கிடைக்கும் புது ஈஎம்எம்சியைவிட மேல். ஆனால் விண்டோஸ் 11 அதில் ஏறுமா என்று பார்க்க வேண்டும். அது டிஸ்க்கைப் பொறுத்தது மட்டுமல்ல, பிராசஸர், டிபிஎம் சில்லு என்று வேறு வம்பு இருக்கிறது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, அந்தக் கதையைத் தனியாக எழுதுகிறேன். ஏறாவிட்டால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டுத் தருகிறேன், 20 ஜிபியில் குடித்தனம் ஆரம்பித்துவிடலாம். நம் ஊர்ப் பக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினியோடு வீட்டுக்கு வாருங்கள். சார்ஜரை மறக்காமல் எடுத்து வாருங்கள், போன தடவை மூன்று பேர் மறந்துவிட்டு வந்தீர்கள்.

கடையில் நிற்கும்போது மாடல் எண் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து மெசஞ்சரில் அனுப்புங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அனுப்புங்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவேன், மற்ற நேரம் எல்லாம் பதில் வரும்.